பன்னிரண்டு பைத் தக்காளி

முத்துக்குமாரு பொல்லாத பிடிவாதக்காரர். இல்லாவிட்டால், வீட்டுக்குப் பின்னால் பத்துப் பரப்புத் தோட்டத்தை வைத்துக்கொண்டு, முற்றத்துச் சீமெந்தில் பன்னிரண்டு அரிசிப் பைகளை அடுக்கி அதற்குள் தக்காளி வைப்பாரா? மானிப்பாய்ச் சந்தையில் கூடச் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவருக்கென்ன.

அவருடைய மனைவி சிவக்கொழுந்துக்கு வயிற்றில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் ஏற்றிய மருந்து வாயெல்லாம் கைப்பாக்கிவிட்டது. தக்காளிப்பழச் சொதி ஒன்றுதான் தொண்டைக்குள் இறங்கும் போலிருந்தது. ஆனால் கடைப் பழத்தை அவள் தொடமாட்டாள். தங்கள் தோட்டத்துப் பழத்தையும் தொடமாட்டாள்.

"முப்பது வருசம் உந்த மண்ணிலை புகையிலை வைச்சு, பூச்சிக்கு நஞ்சு அடிச்சனீங்கள். அதுதான் எனக்கு வந்தது," என்றாள் ஒருநாள்.

எந்த டொக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் அடித்தது அவர்தானே.

"நஞ்சு படாத பழம் தாறன். தைக்குள்ளை தாறன்," என்றார்.

அவள் அதை நம்பிக்கொண்டு படுத்திருந்தாள்.

அன்றிலிருந்து மனுசன் மண்ணோடு மண்ணாகக் கிடந்தார். பிள்ளையார் கோயிலின் பின்பக்கம், ஒருநாளும் கொத்தாத மேட்டிலிருந்து செம்மண்ணைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். மூன்று பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு உக்கிய மாட்டெரு, ஒரு பங்கு தேங்காய்த் தும்புத்தூள். வேர் மூச்சுவிட உமிக்கரி. முட்டைக்கோதைக் காயவைத்து இடித்துப் போட்டார். உரப்பையில் நட்டால் அவள் மணந்து பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாள் என்று அரிசிப் பைகளாகத் தேடித் தேடி வாங்கினார். கார்த்திகையில் நட்டது மார்கழியில் இடுப்பளவு வந்து பூத்தது. சிரித்தவர்களே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த நேரம் பார்த்து வெள்ளை ஈ வந்து விழுந்தது.

முந்தி என்றால் மருந்துத் தாங்கியை முதுகில் போட்டிருப்பார். இப்போது எப்படிப் போடுவது? புகையிலைக் கொட்டிலுக்குப் போய்க் காய்ந்த காம்புகளை அள்ளி, இடித்து, பைக்கு இரண்டு கை வீதம் மண்ணில் கலந்தார். மிச்சத்தை ஊறவைத்து இலையில் தெளித்தார். அவருடைய அப்பர் மிளகாய்க்குச் செய்ததுதான். இது நஞ்சில்லை, எங்கடை இலைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஈ போய்விட்டது. சந்தோஷத்தில் ஒரு சுருட்டைப் பற்றவைத்தார். பிறகு ஒவ்வொரு காலையும், வாயோரம் சுருட்டோடு, முதலாம் பையிலிருந்து பன்னிரண்டாம் பைவரை பக்கக் குருத்துகளை நகத்தால் கிள்ளிக்கொண்டு போனார். புகையிலைக்காரனின் விரலுக்கு அதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

இரண்டு கிழமையில் இலைகள் வெளிறலும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாயின. பிறகு ஒடுங்கிச் சுருங்கின. எரு காணாதாக்கும் என்று எருப் போட்டார். காம்புத்தூளும் இன்னும் இரண்டு கை போட்டார். மூன்றே மூன்று பழம் பழுத்தது. மற்றக் காய்களெல்லாம் பிஞ்சிலேயே கறுத்துப்போயின.

விவசாயப் போதனாசிரியை நிரோஜா வந்து ஓர் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஐயா, மண்ணுக்குப் புகையிலை ஏதும் போட்டனீங்களோ?"

"ஓம், காம்பு."

"சுருட்டுக் குடிப்பியளோ?"

"ஓம். ஏன் பிள்ளை?"

"இது புகையிலையிலை இருக்கிற வைரசு வருத்தம் ஐயா. காய்ஞ்சாலும் சாகாது. தக்காளியும் அதின்ரை இனம்தானே. மண்ணாலையும் வரும், கையாலையும் வரும். நீங்கள் கிள்ளக் கிள்ள எல்லாக் கண்டுக்கும் போயிருக்கு."

முத்துக்குமாரு தன் விரல்களைப் பார்த்தார். நகமெல்லாம் மஞ்சள்.

"பழத்தைத் தின்னலாமோ?"

"ஆக்களுக்கு ஒண்டும் செய்யாது. ஆனால் கண்டுகளைப் பிடுங்கி எரிச்சிடுங்கோ. மண்ணும் இனிக் கூடாது. அடுத்த போகத்துக்குப் புதுசாப் போடுங்கோவன்."

அடுத்த போகம்! அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? உள்ளே படுத்திருப்பவளுக்கு அடுத்த போகம் இல்லையென்று ஆஸ்பத்திரியில் சொல்லி மூன்று கிழமையாகிறது. அதை அவர் யாருக்கும் சொல்லவில்லை.

பின்னேரம் பன்னிரண்டு கன்றுகளையும் பிடுங்கி வேலிக்கரையில் நெருப்பு வைத்தார். சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கை கழுவி, அந்த மூன்று பழத்திலும் சொதி வைத்தார்.

"என்ன புகை மணக்குது?" என்றாள் சிவக்கொழுந்து.

"குப்பை."

"உது எங்கடை பையிலை காய்ச்சதோ?"

"ஓம். ஒரு துளி நஞ்சும் படேல்லை."

அவளுக்குக் கரண்டி பிடிக்க முடியவில்லை. "ஒருக்காத் தீத்தி விடுங்கோ," என்றாள்.

அவர் கரண்டியை எடுத்தார். நஞ்சு அடித்துவிட்டுத் தோட்டத்தால் வந்து, கழுவாத இந்தக் கையாலேயே அவள் தந்த தேத்தண்ணிக் கோப்பையை வாங்கின நாள் எத்தனை? அதை அவள்தானே பிறகு கழுவி வைத்தாள். கரண்டியை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்த் திரும்பவும் கழுவினார். நகத்தின் மஞ்சள் போகவில்லை. கல்லில் தேய்த்தார்.

"எத்தினை தரம் கழுவுறியள்?" உள்ளேயிருந்து அவள் கூப்பிட்டாள். "சொதி ஆறுது, வாங்கோ."

போய்த் தீத்தினார். ஒரு வாய், இரண்டு வாய், மூன்றாவதும் இறங்கியது.

"நல்லாயிருக்கு," என்றாள். "நாளைக்கும் இரண்டு பழம் பிடுங்குங்கோ, என்ன?"

"ஓம்," என்றார் முத்துக்குமாரு.