ஈ உட்காராத பீப்பாய்

மூக்கனுக்கு மோப்பம் போய் மூன்று வாரம் ஆகிறது. காய்ச்சல் விட்டது, மூக்கு மட்டும் திரும்பவில்லை. சோப்பும் மண்ணெண்ணெயும் அவனுக்கு ஒன்றுதான். யாரிடமும் மூச்சு விடவில்லை. எப்படி விடுவான்? மீன் தீனிப் பட்டறையில் அவனுக்குச் சம்பளமே மூக்குக்குத்தான், பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். மீன் பதனிடும் ஆலையிலிருந்து இறால் தலையும் மீன் குடலும் பீப்பாய் பீப்பாயாக வரும். அவன் மோந்து பார்த்து "ஆகும்" என்ற பிறகே அவித்து, உலர்த்தி, அரைத்து, சோயாப் புண்ணாக்கும் கடலைப் புண்ணாக்கும் சேர்த்துக் குருணையாக்குவார்கள். அங்கே எழும் நாற்றத்தில் நல்லது கெட்டது பிரித்தறிய மற்றவர்களுக்கு வராது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதையாக, மூன்று வாரமாக அவன் குனிந்து தலையாட்டிக்கொண்டிருந்தான்.

அன்று மதியம் காலிப் பீப்பாய்களைக் கழுவப் போனான். நான்கில் ஈ அப்பிக் கிடந்தது. ஐந்தாவதின் அடியில் ஒரு கை இறால் தலை மிச்சம், அதில் ஒரு ஈ கூட இல்லை. இறால் தலையை ஈ விட்டுவைக்குமா? ஆலைக்குப் போன் போட்டான்.

மேற்பார்வையாளர் சாவகாசமாகச் சொன்னார். "முந்தாநாள் தரை கழுவுனாங்க. மருந்துத் தண்ணி ஏதாவது ஒரு பீப்பாயில விழுந்திருக்கும். அதுக்கென்ன, நீதான் மோந்து பாத்திருப்பியே?"

பார்த்தான், தலையையும் ஆட்டினான். அந்தத் தீனி காலையிலேயே அக்கா வீட்டுக் குளத்துக்கும் பக்கத்து இரண்டு குளங்களுக்கும் போய்விட்டது. அக்காவும் மாமாவும் ஒரு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வளர்த்த மீன், அடுத்த மாதம் பிடிக்க வேண்டியது. நான்கு மணித் தீனிக்கு இன்னும் இருபது நிமிடம். மாமாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை.

வண்டியை விரட்டினான். எதிரே வந்த லாரிக்காரன் கெட்ட வார்த்தையால் வாழ்த்திவிட்டுப் போனான். மற்ற இரண்டு குளத்துக்காரர்களை அவன் இன்னும் கூப்பிடவில்லை; வழி முழுக்க மூக்கன் தேடியது அவர்களிடம் சொல்ல ஒரு பொய்யைத்தான். வெட்கக்கேடு, ஆனால் உண்மை. மீன் செத்துவிடுமோ என்ற பயத்தைவிட, நாளைக்கு நம்மை எவன் வேலைக்கு வைப்பான் என்ற பயமே பெரிதாக இருந்தது.

குளக்கரையில் மாமா சட்டியோடு நின்றார். தீனி தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

"வா மாப்ள! இன்னிக்குக் கொஞ்சம் முன்னாடியே போட்டுட்டேன். ஒண்ணுகூட வாய் வைக்க மாட்டேங்குது. கிட்ட வருது, திரும்பிப் போயிடுது."

மூக்கன் செருப்போடு தண்ணீரில் இறங்கி, கரையில் கிடந்த வலையால் தீனியை வழித்தான். மாமா ஒரு பிடி குருணையை அள்ளி மோந்தார்.

"என்னடா, மருந்து வாடை அடிக்குது! மூட்டை மாறிப்போச்சா?"

தேடிய பொய் தானாகவே மடியில் வந்து விழுந்தது. ஆமாம் என்றால் போதும். அதையே சொல்லி மற்ற இரண்டு குளத்துக்காரர்களையும் தடுத்துவிடலாம். நாளைக்கு? நாளைக்கும் பீப்பாய் வரும், அவனும் குனிந்து தலையாட்டுவான்.

மாமா கேலி பண்ணினார். "மீனுக்கு இருக்கிற மூக்குகூட உனக்கு இல்லாமப் போச்சா?"

"இல்ல மாமா." மூக்கன் வழிப்பதை நிறுத்தினான். "மூணு வாரமா எனக்கு ஒரு வாடையும் தெரியல. யார்கிட்டயும் சொல்லல."

மாமாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் குளத்தைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். திட்டவில்லை. வலையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இத நான் பாத்துக்கறேன். மத்த ரெண்டு பேருக்கும் போனைப் போடு. இப்ப எங்கிட்ட சொன்னத அப்படியே அவங்ககிட்டயும் சொல்லு."