மூன்றாவது தீர்த்தகிரி

அப்பாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான் கோவிந்தன். விரல்கள் ஒன்றோடொன்று நெருங்கவில்லை. நாற்பது வருடம் புளியமரம் ஏறிய கால்கள். பாதங்கள் உள்பக்கம் வளைந்து, தோல் பட்டை பட்டையாக வெடித்திருந்தது. நேற்றுக் காலை உச்சிக் கிளையில் கால் வழுக்கியது. ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக ஆள் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

ஊரில் தீர்த்தகிரி என்ற பேரில் மூன்று பேர். ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். ஒருவர் மலை பஸ்ஸில் கண்டக்டர். மூன்றாவது ஆள் கூலிக்குப் புளி உலுக்குகிறவர், கோவிந்தனின் அப்பா. எழுபத்து மூன்றாம் வருடம் கோவிந்தன் திருப்பத்தூர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த அன்று, தலைமை குமாஸ்தா வடிவேலு, "அப்பா இன்னா பண்றாரு?" என்று கேட்டார். "வாத்தியாருங்க" என்றான். ஆறு வருடமாகியும் அதை அவன் மாற்றிச் சொல்லவில்லை.

பதினோரு மணி பஸ்ஸில் வடிவேலுவே வந்து இறங்கினார். கூட ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர், கையில் ரோஜா மாலை. அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர் வாத்தியார் தீர்த்தகிரி.

கோவிந்தன் எழுந்து நின்றான். கயிறு கையிலேயே இருந்தது.

"தீர்த்தகிரி வாத்தியார் வூடு எதுன்னு கேட்டோம்பா" என்றார் வடிவேலு. "கதவத் தொறந்துக்கினு இவரே வந்து நின்னாரு. எங்களுக்கு ஒண்ணும் புரியல."

வாத்தியார் தரையைப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். கோவிந்தன் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா மாணிக்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இவரும் வாத்தியார்தாங்க" என்றாள். "வயசானவங்களுக்கு எழுத்து சொல்லிக்குடுத்தாருங்க. பள்ளிக்கூடத்துல இல்ல, வூட்டாண்ட."

அம்மா பொய் சொல்லி அவன் கேட்டதில்லை.

வடிவேலு குனிந்து மாலையைப் போட்டார். நிமிரும்போது அவர் பார்வை அந்தப் பாதங்களில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கோவிந்தனின் தோளைத் தொட்டு, "லீவு எத்தினி நாள் வேணுமோ எடுத்துக்கப்பா" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

அடக்கம் முடிந்து, ஓடையில் குளித்துவிட்டு எல்லோரும் திரும்பினார்கள். வாத்தியார் மட்டும் அவனோடு பின்தங்கி நடந்தார்.

"உங்கம்மா சொன்னதுல பாதி நெசம் கோயிந்தா" என்றார். "எழுத்து நடந்துது. கத்துக்குனது உங்கப்பன்."

கோவிந்தன் நின்றான்.

"போன வருசம் சாமை எடுத்துக்கினு உன்னப் பாக்க ஆபீஸுக்கு வந்தானாம். வாசல்ல இருந்த பியூன், 'கோவிந்தன் சாரோட அப்பா வாத்தியாராச்சே, நீ யாரு'ன்னு கேட்டானாம். ஊர்க்காரன்னு சொல்லிட்டு சாமையோட திரும்பிட்டான். மறுநாள் எங்கிட்ட வந்து, 'பேரு எழுதவாவது கத்துக்குடு, நாளைக்கி எங்கியாவது கையெழுத்து கேட்டா புள்ளைக்கிக் கேவலம்'னான். நா சிரிச்சிட்டேன். அவன் சிரிக்கல."

வாத்தியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் போனார்.

வீட்டில் அம்மா சாணி கரைத்துச் சுவரை மெழுகிக்கொண்டிருந்தாள். தானியக் குதிர் நகர்த்தப்பட்டிருந்தது. அதற்குப் பின்னால், ஆள் குந்தினால் கை எட்டும் உயரத்தில், சுவர் முழுக்கக் கரிக்கட்டியால் எழுதியிருந்தது. தீர்த்தகிரி. தீர்த்தகிரி. சிலவற்றில் புள்ளி இல்லை. சிலவற்றில் சுழி இடம் மாறியிருந்தது. கீழ் வரிசையில் எல்லாம் சரியாக இருந்தன.

அம்மாவின் கை அந்த இடத்துக்கு வந்து நின்றது.

"இத இன்னா பண்றது?" என்றாள், அவனைப் பார்க்காமல்.

கோவிந்தன் அவள் கையிலிருந்த சாணிச் சட்டியை வாங்கிக்கொண்டு, எதிர்ச்சுவருக்குப் போய் மெழுகத் தொடங்கினான்.