முழங்கால் தண்ணீரில் ஒரு ஞானஸ்நானம்

வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக அப்பா பனிச்சங்கேணி ஆற்றங்கரையில் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாக நின்றார். ஆறுதான் இல்லை. கழுத்தளவு நின்ற தண்ணீர் முழங்காலுக்கு இறங்கி, கரையெல்லாம் சேறாகக் கிடந்தது. வயல் வட்டைக்குள் வெள்ளம் ஏறிப் பயிரெல்லாம் அழுகப் போகிறதென்று முந்தின நாள் ஊர் திரண்டு போய், ஆறு கடலில் விழுகிற இடத்தில் மண் திட்டை வெட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தது. மண்வெட்டியோடு முதல் ஆளாகப் போனவர் எங்கள் அப்பா நல்லரத்தினம்தான்.

"வேணுமெண்டுதான் வெட்டின நீங்க," என்றாள் அம்மா.

எங்கள் ஜெபவீட்டை எந்த மிஷனும் கட்டவில்லை. சீனித்தம்பி என்ற மீன்காரர் தோணி கவிழ்ந்து இதே இடத்தில் தண்ணீருக்குள் தாண்டு எழுந்தவர். எழுந்த கையோடு கரையில் நாலு கம்பு நட்டுக் கிடுகு வேய்ந்துவிட்டார். கிடுகு போய் ஓடு வந்தது. அவர் வைத்த சட்டம் மட்டும் மாறவில்லை. போதகர் கிடையாது. உனக்காக யார் அதிகம் அழுது ஜெபித்தாரோ, அவர்தான் உன்னைத் தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். இன்னொருவர் தொடக் கூடாது. ஒரு முடி வெளியே தெரிந்தாலும் அது செல்லாது. ஞானஸ்நானம் எடுக்காதவருக்குத் திருவிருந்து அப்பமும் இல்லை.

கல்யாணமான நாளிலிருந்து அம்மா அன்னப்பூரணி தனியாகத்தான் முன்னால் போய் அப்பம் வாங்குகிறாள். அப்பா கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்தபடி விரலை நெட்டி முறிப்பார். ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட விதைப்பு, சூடடிப்பு, தடிமன் காய்ச்சல் என்று வருஷத்துக்கொரு சாட்டு. திரும்பி வரும்போது அம்மா அவர் பக்கம் பார்க்கவே மாட்டாள். அந்த நேரம் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும்.

"தண்ணி ஏறட்டும், அடுத்த மாசம் வைப்பமே," என்றார் பாட்டு நடத்தும் நிலோஜன்.

"அடுத்த மாசம் இவர் வருவாரா?" என்று கேட்டாள் அம்மா.

அப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "என்ன கதை கதைக்காய்? வட்டைய யோசிச்ச நான் இத மறந்து போயிட்டன், அவ்வளவுதான். வா, இப்பவே முடிப்பம்!"

அவர் விறுவிறென்று இறங்கி மல்லாந்து படுத்தார். அவருக்காக அதிகம் அழுது ஜெபித்த அம்மாவும் இறங்கினாள். தலை உள்ளே போயிற்று, வயிறு போகவில்லை. வயிற்றை அமத்தினாள், கால்கள் இரண்டும் மேலே வந்தன. காலை அமத்தினாள், மூக்கு வந்தது. கரையில் பாட்டு நின்றுபோய், எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். நிலோஜன் உதவிக்கு இறங்கப் பார்த்தார்.

"ஒருத்தரும் தொடப்படாது!" என்று அதட்டினாள் அம்மா.

"நீ ஆக்கிப் போட்ட வயிறுதானே, நீயே அமத்து," என்று தண்ணீரைத் துப்பியபடி அப்பா சிரித்தார்.

அம்மா சேலையை இழுத்துச் சொருகினாள். கண்ணை மூடிப் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று முழுவதும் சொல்லி முடித்தாள். சொல்லி முடித்து, மூச்சை இழுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவர் வயிற்றின் மேல் அப்படியே உட்கார்ந்தாள். உட்காரக் கூடாது என்று சீனித்தம்பி சொன்னதாக யாருக்கும் ஞாபகமில்லை.

அப்பா மறைந்தே போனார். கலங்கிய ஆற்றின் நடுவில் அம்மா மட்டும் நிமிர்ந்து இருந்தாள். அவளைச் சுற்றிக் குபுகுபுவென்று குமிழிகள் வந்தன. அப்பா உள்ளே கிடந்தும் சிரிப்பை விடவில்லை. ஒரு முடியாவது வெளியே தெரிகிறதா என்று அம்மா குனிந்து, சுற்றிச் சுற்றித் தண்ணீரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.