விழாத தொட்டி

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு நான் நான்காவது மாடியிலிருந்து கைதவறிப் போட்ட பூந்தொட்டி இன்னும் தரைக்கு வந்து சேரவில்லை. இரண்டாவது மாடி உயரத்தில், எங்கள் சங்கத் தலைவர் வீட்டு ஜன்னலுக்கு நேராக, ஒரு முழம் தள்ளி நின்றுவிட்டது. தலைவர் அப்போது ஜன்னலோரம் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். அரைக் கன்னத்து நுரையோடு தொட்டியைப் பார்த்தார், பிறகு தலையை வெளியே நீட்டி மேலே என்னைப் பார்த்தார். வேறென்ன செய்வது, வணக்கம் சொன்னேன். தவறு முழுக்க என்னுடையது. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் நான். அதாவது தலைவர் சொல்வதைத் தட்டச்சு செய்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுகிறவன். நான் வாடகைக்கு இருக்கும் வீடும் அவருடையதுதான் என்பதால் என் தலை மேலும் கீழும் மட்டுமே ஆடிப் பழகியது. முந்தின நாள் நான் ஒட்டிய நோட்டீஸ் இது: பால்கனியில் ஒரு தொட்டிக்கு ஒரே செடி, நிறம் பச்சை, உயரம் ஒன்றரை அடி. அவர் சோதனைக்கு வருவதற்குள் எங்கள் வீட்டுத் தொட்டியை ஒளித்துவிடலாம் என்று தூக்கினேன். கதவருகே நின்ற என் மனைவி இடது கையை நீட்டினாள், எட்டவில்லை.

பூந்தொட்டி என்பது பேச்சுக்குத்தான். அதில் இருந்ததெல்லாம் இலை. அதிலிருந்த கோலியஸ் செடி மொட்டு விட நினைத்தாலும் என் மனைவி கிள்ளிவிடுவாள், பூத்தால் இலையின் களை போய்விடுமாம். அவள் நூல் கடையில் வேலை பார்க்கிறாள். துணித் துண்டு ஒன்றைக் காட்டினால் முந்நூறு நூல்கண்டுகளுக்கு நடுவிலிருந்து அதற்குப் பொருத்தமானதைச் சட்டென்று எடுத்துவிடுவாள். பகலெல்லாம் பொருத்தம் பார்த்துச் சலித்தவள், வீட்டில் பொருந்தாதவற்றைச் சேர்த்து வைத்தாள். நடுவில் மஞ்சளும் சிவப்பும் தெறித்த குரோட்டன்ஸ், சுற்றிலும் கருஞ்சிவப்புக் கோலியஸ், விளிம்பிலிருந்து வழியும் இளம்பச்சை சர்க்கரைவள்ளிக் கொடி. "ஒண்ணு சண்டைக்கு நிக்கணும், ஒண்ணு சமாதானம் பண்ணணும், ஒண்ணு எதையும் கண்டுக்காம தொங்கிட்டுக் கிடக்கணும்" என்பாள். அந்த மூன்றாவது யார் என்று நான் கேட்டதில்லை. வெயில் குறைந்தால் குரோட்டன்ஸ் பச்சையாகிவிடும், கூடினால் கோலியஸ் வெளுத்துவிடும். இரண்டுக்கும் ஒத்துவருவது காலை பத்து மணி வரையான வெயில். தொட்டி நின்ற இடத்தில் அது கச்சிதமாக விழுந்தது. நான்காவது மாடியிலிருந்து குவளையால் அவள் தண்ணீர் ஊற்றினால் ஒரு சொட்டு வெளியே சிந்தாது.

ஏன் விழவில்லை என்று அன்றே கேட்டேன். "அடுப்புல பால் இருக்கு, பாருங்க" என்றாள். நேரான பதில் சொல்வது அவள் வழக்கமில்லை. கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோதும் மழை வரும்போல இருக்கிறது என்றுதான் சொன்னாள். வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து அவளுடைய இடது கை விரல்கள் முழுதாக விரியவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர் எலும்பில் ஒன்றுமில்லை என்றார். நூலைப் பல்லால் அறுக்கப் பழகிக்கொண்டாள்.

தலைவர் சும்மா விடுகிற ஆள் இல்லை. சட்டைப்பையில் எப்போதும் அளவுநாடா வைத்திருப்பவர். துடைப்பக் கட்டையால் தள்ளினார், கட்டை ஒடிந்தது. தீயணைப்பு வண்டியை வரவழைத்தார். ஏணி ஓரடி ஏறினால் தொட்டியும் ஓரடி ஏறியது, ஏணி இறங்கியதும் பழைய இடத்துக்கு வந்தது. "எரியாததுக்கெல்லாம் நாங்க என்ன சார் பண்றது" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இலைகளுக்குள் புகுந்து வந்த வெளிச்சம் அவர் வீட்டுச் சாம்பல் நிறச் சுவரில் சிவப்பாகப் படிந்து, இரண்டு முறை பெயின்ட் அடித்தும் போகவில்லை. திரைச்சீலை போட்டார், மறுவாரம் திரைச்சீலை சிவந்தது. மூன்றாம் ஆண்டு, கம்பில் கத்தரிக்கோலைக் கட்டி எட்டியதையெல்லாம் வெட்டித் தள்ளினார். அங்கேதான் மனிதர் சறுக்கினார். கோலியஸ் கிளையைத் தண்ணீரில் போட்டால் பத்து நாளில் வேர் விட்டுவிடும். மூன்றாம் மாடி நர்ஸ் துண்டுகளைப் பொறுக்கிப்போய் மருந்து பாட்டிலில் வைத்தாள். பிறகு ஓட்டை வாளி, உடைந்த ஹெல்மெட், மூடி தொலைந்த குக்கர் என்று வீட்டுக்கு வீடு மூன்று நிறம், நான்கு நிறம் சேர்ந்து வளர்ந்தன. நான் ஒட்டிய நோட்டீஸ்கள் மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தன.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கார் நிறுத்துமிடத்தில் பொதுக்கூட்டம். தொட்டியை முப்பது நாளில் இறக்க வேண்டும், இல்லையேல் அதன் சொந்தக்காரர் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தலைவர் தீர்மானம் சொன்னார். "டைப் பண்ணுங்க" என்று என்னைப் பார்த்தார். என் தலை வழக்கம்போல மேலும் கீழும் ஆடத் தொடங்கியது. கூட்டத்துக்குப் பின்னால் மூடிய கையோடு நின்ற மனைவி என்னைப் பார்த்தாள்.

"முடியாது சார்."

"என்னது?"

"விழுந்திருந்தா பெருக்கித் தள்ளியிருக்கலாம். விழமாட்டேங்குறத என்ன சார் பண்ண முடியும்?" குரல் என்னுடையதுதான்.

நர்ஸ் எழுந்தாள். "எங்க வீட்டையும் சேத்து எழுதுங்க. எங்கிட்ட நாலு இருக்கு."

"எங்கிட்ட ஒம்பது" என்றது இன்னொரு குரல். "ஹெல்மெட்டும் கணக்குதானே?"

கைகள் உயர்ந்துகொண்டே போயின. இரண்டாம் மாடியிலிருந்து அங்கே வரை வளர்ந்து தொங்கிய சர்க்கரைவள்ளிக் கொடி தலைவரின் தோளைத் தட்டியது. அவர் அளவுநாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதச் சொன்னார். கைவிடப்பட்டது என்று எழுதினேன்.

மாடி ஏறி வந்தபோது அவள் பால்கனியில் குவளையோடு நின்றாள். கீழே தொட்டி, வெயிலில் மூன்று நிறமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. பழக்க தோஷத்தில் கேட்டுவைத்தேன், "அன்னைக்கு அது ஏன் கீழ விழல?"

அடுப்பைப் பார்க்கச் சொல்வாள் என்று உள்ளே திரும்பினேன்.

"நான் பிடிச்சிருக்கேன்" என்றாள். "ஒம்பது வருஷமாக் கை கடுக்குது. கொஞ்ச நேரம் நீங்க பிடிங்க."

கையை நீட்டினேன். நல்ல கனம்.