நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்குப் புகை

மெஷினுக்குப் புகை போடப் போவதாகச் சூப்பர்வைசர் சௌந்தரராஜன் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புகைமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. உத்தனப்பள்ளியில் என் வீட்டில் வெள்ளி தவறாமல் சாம்பிராணியும் வேப்பிலையும் வெண்கடுகும் போட்டு, மூலை முடுக்கெல்லாம் காட்டுகிறவள் நான். கடுகு படபடவென்று வெடித்தால் மனசு லேசாகிவிடும். ஆனால் வீட்டில் எலி செத்து நாறும்போது அதை எடுத்துப் போடாமல் சாம்பிராணி போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

நடந்தது இதுதான். போன திங்கட்கிழமை, ஓசூரில் நாங்கள் வேலை செய்யும் கம்பெனியில், நாலாம் நம்பர் பிரஸ் ரஞ்சிதாவின் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. தகட்டை உள்ளே வைத்துக் காலால் பெடலை மிதித்தால் மேலிருந்து டை என்கிற இரும்பு அச்சு இறங்கி அடிக்கும். தகடு முழுசாக உள்ளே போய்விடும்; கையோ வேறெதுவோ மெஷின் வாயில் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தால் சென்சார் கண்டுபிடித்து மெஷினை இறங்க விடாது. அன்றைக்கு இறங்கியது.

சென்சார் வேலை செய்யவில்லை என்று நாங்கள் சொன்னோம். மறுநாளே கேன்டீனில் வேறு பேச்சு ஓடியது. அவள் தீட்டோடு வந்து மெஷினைத் தொட்டாளாம். மூன்றாம் நாளாம். "நெருப்பில்லாம புகையுமா?" என்றார் சௌந்தரராஜன்.

ரஞ்சிதா மதுரைப் பக்கத்துப் பெண். ஞாயிற்றுக்கிழமை அவள் அறைக்குப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"யக்கா, எனக்குத் தீட்டு முடிஞ்சு ரெண்டு வாரமாச்சுக்கா. இத போயி எவன்ட்டக்கா சொல்றது?"

விரலையும் வாங்கிக்கொண்டு, பழியையும் அவள் தலையிலேயே கட்டுகிறார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை காலை ஷிப்ட்டில் எங்கள் லைன் பெண்கள் எல்லாரையும் நிற்க வைத்துவிட்டு, சௌந்தரராஜன் பித்தளைத் தூபக்காலோடு வந்தார். தூபக்கால் நிறையக் கங்கும் புகையும். மெஷினைச் சுற்றி மூன்று தரம் வந்தார். புகை போட்டதும் டைக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து முதல் அடியில் நசுக்குவது எங்கள் வழக்கம். அதற்காக மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"முனிலட்சுமி, இன்னைக்கு நீதான் உக்கார்ற" என்றார். அப்புறம் எல்லார் முன்னாலும் கேட்டார்: "சுத்தமா வந்திருக்கியா?"

பக்கத்தில் நின்ற சாந்தம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் குனியவில்லை.

"சென்சார் சரி பண்ணியாச்சுங்களா சார்?"

"அதுக்கென்ன? நல்லாத்தான் இருக்குது. மெஷின்ல ஒண்ணும் இல்லம்மா. வர்ற ஆளுங்க ஒழுங்கா வரணும்."

"அப்ப சரிங்க சார். அவ கை போன எடத்துலதான தோஷம் இருக்கும்? தூபக்கால அங்கயே வைங்க. நல்லா புகையட்டும்."

வழிக்கு வந்துவிட்டேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. சந்தோஷமாக, கைப்பிடி வெளியே நீட்டியிருக்க, டைக்கு அடியில் வைத்துவிட்டு நகர்ந்தார். கடுகு உள்ளே படபடவென்று வெடித்தது. நான் எல்லாரையும் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டு, பெடல் பக்கத்தில் போய் நின்றேன்.

"சென்சார் நல்லா இருந்தா, கைப்பிடி இப்படிக் குறுக்கே நீட்டிக்கிட்டு இருக்கறப்ப மெஷின் எறங்காது. அப்படித்தானுங்க சார்?"

"ஏய், வேணாம்மா, கால எடு..."

மிதித்தேன்.

மடார் என்று ஒரே அடி. கங்குகள் தரையெல்லாம் சிதறின. டை மேலே போனபோது பித்தளைத் தூபக்கால் சப்பாத்தி மாதிரி தட்டையாகக் கிடந்தது. சாந்தம்மா, "அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் கத்தினாள்.

நான் மெஷினை நிறுத்தினேன். இடுக்கியால் அந்தத் தட்டையான தூபக்காலை எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி அவர் முன்னால் நீட்டினேன்.

"தூபக்காலுக்கு இன்னைக்கு எத்தனாவது நாளுங்க சார்?"

அவர் முகம் கறுத்துவிட்டது. "போய் வேலையப் பாருங்க எல்லாரும்" என்றார்.

ஒருத்தியும் மஞ்சள் கோட்டைத் தாண்டவில்லை. தலை குனிந்திருந்த சாந்தம்மாதான் நிமிர்ந்து சொன்னாள்.

"புகைதான் போட்டாச்சே சார். மொதல்ல நீங்க கைய வைங்க."

சௌந்தரராஜன் தன் பத்து விரல்களையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார்.