இரண்டு சுற்றுக் கயிறு

வலது கைக்குச் சுலபமாக ஏறிய வெள்ளைக் கையுறை இடது கைக்கு ஏற மறுத்தது. ஷாரோன் அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டு, உறையின் வாயை அகட்டி, மறுபடி இழுத்துப் பார்த்தாள். கட்டைவிரலைத் தாண்டி நகரவில்லை. புறங்கை முழுக்க வீங்கிக் கிடந்தது. மணிக்கட்டில், சேலைக்கு இரட்டைக் கரை போட்டதுபோல, கயிறு பதிந்த இரண்டு வரிகள் இருந்தன.

"விடுமா. சட்டக் கைய இழுத்து மூடிடலாம்," என்றார் சாமுவேல் மாமா. அவர் அம்மாவின் தம்பி. "டைம் ஆயிக்கினே இருக்குது."

அரசு ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்து முடித்து, காலை ஒன்பது மணிக்குத்தான் அப்பா சிட்டிபாபுவை ஓரிக்கை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பன்னிரண்டரைக்குள் அடக்கத்தை முடித்துவிட வேண்டும் என்று ஆயர் சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டு மணிக்கு அவர் நடத்தி வைக்க ஒரு கல்யாணம் இருந்தது. வைகாசி மாதத்தில் ஊரில் யாருக்குத்தான் கல்யாணம் இல்லை? சிட்டிபாபுவுக்கே இன்றைக்கு வாலாஜாபாத்தில் ஒன்று, நாளைக்குத் தென்னேரியில் ஒன்று என்று இரண்டு மாப்பிள்ளை அழைப்பு பேசி வைத்திருந்தது.

ஒரு வெள்ளைக் குதிரை, ஒரு சாரட்டு வண்டி, ஜரிகை வைத்த ஒரு சிவப்புக் கோட்டு. இருபத்தைந்து வருஷமாக அதுதான் அவர் பிழைப்பு. காஞ்சிபுரத்து மாப்பிள்ளைகளில் பாதிப் பேரைக் குதிரைமேல் ஏற்றி இறக்கியவர். ஏறத் தெரியாமல் உதறுகிறவனுக்கெல்லாம் தொடையைத் தட்டி, "பயப்படாத ராஜா, இத விடப் பெரிய சவாரி நாளைலர்ந்துதான்" என்று சிரிக்க வைப்பார். அந்த மனிதரைத்தான் முந்தாநாள் சாயங்காலம் பைபாஸ் பக்கத்துப் பெரிய கல்யாண மண்டபத்தின் வாசல் தூணில் அடித்துப் போட்டது ஒரு பத்தாயிரம் வாலா சரவெடி.

வெடி வைக்கக் கூடாது என்று அவர் மூன்று முறை சொன்னார். மேளக்காரர்கள் அதற்குச் சாட்சி. சரி சரி என்றார்கள். மாப்பிள்ளை இறங்கி ஆரத்திக்கு நின்றதும், அவனுடைய நண்பர்கள் குதிரைக்குப் பின்னால் சரத்தைப் பிரித்துக் கொளுத்தினார்கள். வீடியோவில் நன்றாக வரும் என்று நினைத்தார்களாம். குதிரை ஜாஸ்மின் முன்கால்களைத் தூக்கிவிட்டுப் பாய்ந்தாள். எதிரே பூ அலங்கார வளைவும் கண்ணாடித் தூண்களும் நொறுங்கின. குதிரையோடு சிட்டிபாபுவும் இழுபட்டுப் போனார். வேறு ஒருவருக்கும் சின்னக் கீறல் இல்லை. நேற்று விடியற்காலை ஆஸ்பத்திரியில் அவர் உயிர் போனது. அன்றைக்கே, அதே மண்டபத்தில், குறித்த முகூர்த்தத்தில் தாலியும் கட்டினார்கள்.

"ஷாரோன், வெளிய ரெண்டு பேரு வந்திருக்காங்க," என்று பக்கத்து வீட்டு அங்கம்மாள் வந்து சொன்னாள். "மண்டபத்துக்காரங்களாம்."

மாலை போட வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் ஷாரோன் எழுந்து போனாள். கையில் மாலை இல்லை. மண்டபத்து மேனேஜர் அர்ஜுனன் கக்கத்தில் ஒரு கோப்போடு நின்றார். கூட வந்தவர் லோகேஸ்வரன், ரங்கசாமிகுளத்தில் ஜெராக்ஸ் கடையும் இன்சூரன்ஸும் வைத்திருப்பவர். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த லோகு அண்ணன். அவர் மட்டும் செருப்பைக் கழற்றியிருந்தார்.

"கொஞ்சம் இப்டி வாம்மா," என்று லோகு அண்ணன் வீட்டுக்குப் பின்னால், குதிரைக் கொட்டகைப் பக்கம் நடந்தார். ஜாஸ்மின் முன்னங்கால் காயத்தில் மஞ்சள் அப்பியபடி, வைத்த புல்லைத் தொடாமல் நின்றிருந்தாள்.

மேனேஜர் குதிரையிலிருந்து பத்தடி தள்ளி நின்றுகொண்டு பேசினார். "நடக்கக் கூடாதது நடந்துடுச்சு. எங்க ஓனருக்கும் ரொம்ப வருத்தம். ஆனா டெக்கரேஷன் மொத்தமும் போச்சு பாருங்க. உங்கப்பா இன்சூரன்ஸ் வச்சிருந்ததால உங்களுக்குப் பிரச்சன இல்ல. அம்மா ஒரு கையெழுத்து போட்டாங்கன்னா கம்பெனி எங்களுக்குக் குடுத்துடும். இன்னிக்குள்ள குடுத்துட்டா நல்லது."

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். பிடுங்க வருகிறவன் இவ்வளவு மரியாதையாகப் பேசுவான் என்று தெரியாது. அவள் காகிதத்தை வாங்கினாள். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வேலை செய்பவள். ஆங்கிலம் படிக்கத் தெரியும். பெயர், முகவரி, நாள், நேரம் எல்லாம் நிரப்பியிருந்தது. 'விபத்துக்குக் காரணம்' என்று கேட்ட இடத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: குதிரையை நடத்தியவரின் கவனக்குறைவு.

அவள் இரண்டு தடவை படித்தாள்.

"யாரு எழுதுனது இத?"

"நாந்தான்மா," என்றார் லோகு அண்ணன். கண்ணைக் குதிரைப் பக்கம் வைத்துக்கொண்டார். "அது ஃபார்முக்காக. தேர்ட் பார்ட்டி பாலிசின்னா அப்டித்தான். நம்ம பேர்ல தப்பு இருந்தாத்தான் எதிராளிக்கு நஷ்டத்தக் குடுப்பான். தப்பு நம்மளுது இல்லன்னா, யாரு பண்ணானோ அவனப் போயி கேளுன்னு கைய விரிச்சிடுவான்."

"அப்ப பண்ணவங்களக் கேளுங்க. வெடி வச்சவங்க பேரு இந்த மேனேஜருக்குத் தெரியாதா?"

அர்ஜுனன் தொண்டையைச் செருமினார். மண்டபம் மாப்பிள்ளையின் பெரியப்பாவுடையது. அதை அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம்.

"எங்க நைனாவுக்கு இன்னா வரும்?"

லோகு அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "அவருதானம்மா பாலிசி எடுத்தவரு. எடுத்தவரு தேர்ட் பார்ட்டி ஆவ மாட்டாரு."

தெருவில் போகிற எவன் காலைக் குதிரை மிதித்தாலும் பணம் உண்டு. பூ வளைவுக்கு உண்டு, கண்ணாடித் தூணுக்கு உண்டு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு செத்தவனுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அது போதாதென்று, அவன்தான் கவனமில்லாதவன் என்று அவன் பெண்டாட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். ஷாரோனுக்குக் காது மடல் வரை சூடு ஏறியது.

ஆனால் அந்தச் சூட்டில் ஒரு பங்கு அவள்மேலேயே அவளுக்கு இருந்தது. மாசி மாதம் அந்த ஜெராக்ஸ் கடையில் நைனாவோடு அவளும்தான் உட்கார்ந்திருந்தாள். இன்சூரன்ஸ் இல்லாத குதிரையை இனி உள்ளே விட முடியாது என்று பெரிய மண்டபங்களெல்லாம் சொல்லிவிட்டிருந்தன. லோகு அண்ணன் மூன்று காகிதங்களை மேஜையில் பரப்பினார். ஒன்று, குதிரை செத்தால். ஒன்று, குதிரைக்காரனுக்கு ஏதாவது ஆனால். ஒன்று, குதிரையால் மற்றவர்களுக்கு ஏதாவது ஆனால். மூன்றையும் எடுக்கத் தெம்பு இல்லை. நைனா ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. "ஜாஸ்மின நான் பாத்துக்குவேன். என்னிய ஜாஸ்மின் பாத்துக்கும். ஊரான் வூட்டுப் புள்ளைக்கி ஒண்ணு ஆயிட்டா நான் எங்க போவேன்?" என்று மூன்றாவதைத் தொட்டார்.

அதிலே ஒரு நிபந்தனை இருந்தது. குதிரை எந்நேரமும் நடத்துபவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். "கயிறு உங்க கையிலயே இருக்கணும் சிட்டிண்ணே, விட்டீங்கன்னா பாலிசி செல்லாது," என்றார் லோகு அண்ணன். நைனா அவளைத் திரும்பிப் பார்த்தார். அவளும் படித்துவிட்டு, "ஆமா நைனா, அப்டித்தான் போட்டுருக்குது" என்றாள்.

அன்றைக்குப் பிறகுதான் அவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள ஆரம்பித்தார்.

குதிரை பிடிக்கிற எவனும் செய்யாத காரியம் அது. அவளுக்கு ஒன்பது வயதில் முதன்முதலாகக் கயிற்றைக் கொடுத்தபோது அவரே சொன்னதுதான்: "மடிச்சிப் புடி, சுத்தாத. விட்டா குதிர மட்டுந்தான் போவும். சுத்துனா கூட நீயும் போவ." பங்குனியில் ஒரு நாள் அவர் மணிக்கட்டில் கயிற்றைப் பார்த்துவிட்டு அவள் கத்தியிருக்கிறாள். அவர் சிரித்தார். "பேப்பர்ல போட்டுருக்குதேமா," என்றார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதருக்குக் காகிதத்தின்மேல் அவ்வளவு மரியாதை.

"கையெழுத்து இல்லன்னா எப்டிம்மா?" என்று மேனேஜர் குரலைக் கொஞ்சம் மாற்றினார். "நஷ்டத்த உங்ககிட்டதான் கேக்க வேண்டி வரும். அப்புறம் இந்தக் குதிர எந்த மண்டபத்துக்குள்ளயும் நொழைய முடியாது. நீங்களும் பொழைக்கணும் இல்ல?"

"உள்ள வாங்க," என்றாள் ஷாரோன்.

"எதுக்கு?"

"கவனம் இல்லாதவரு கைய ஒரு தடவ பாத்துட்டுப் போங்க."

அவர் தயங்கினார். கொல்லையில் துணி மடித்துக்கொண்டிருந்த பெண்கள் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். வராமல் முடியாது என்று ஆனதும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

அம்மா சம்பூர்ணம் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் நேற்று உட்கார்ந்தவள், அழுகையும் பேச்சும் இல்லாமல் இன்னும் அதே நிலையில் இருந்தாள். ஷாரோன் நைனாவின் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டாள்.

"பாருங்க சார். ரெண்டு சுத்து. கயிறு கைய விட்டுச்சா, விடலியா?"

அர்ஜுனன் ஒரு நொடி பார்த்துவிட்டுச் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். லோகு அண்ணன் மட்டும் குனிந்து பார்த்தார். பார்த்தவருக்கு நிமிர நேரம் ஆனது.

"நீங்க சொன்னீங்க. நான் படிச்சிக் காட்டுனேன்," என்றாள் அவரிடம். "அதான் சுத்திக்கினாரு."

"நான் அந்த அர்த்தத்துல..." என்று தொடங்கினார் லோகு அண்ணன்.

சாமுவேல் மாமா அவள் தோளைத் தொட்டார். "ஷாரோன், செத்தவருக்கு இதெல்லாம் தெரியவா போவுது? போட்டுக் குடுத்துடலாம்மா. குதிரயாவது மிஞ்சும். அக்காவுக்கு வேற இன்னா இருக்குது?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. கையெழுத்து போட வேண்டியது அவள் இல்லை, அம்மா. அவள் காகிதத்தை அம்மாவின் மடிமேல் வைத்தாள்.

"அம்மா, நைனா பாத்து நடக்காததாலதான் இப்டி ஆச்சுன்னு எழுதியிருக்குது. கையெழுத்து போட்டா அவங்க நம்மள விட்டுடுவாங்க. போடலன்னா குதிரய விக்க வேண்டி வரும். நீதான் சொல்லணும்."

சம்பூர்ணம் காகிதத்தைப் பார்க்கவில்லை. கணவனின் மணிக்கட்டை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, அந்த இரண்டு வரிகளையும் கட்டைவிரலால் தடவினாள். வாசலில் பெட்டி தூக்க வந்தவர்களில் யாரோ இருமினார்கள்.

"எழுதுனத அழி," என்றாள். இரண்டு நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை. குரல் கரகரத்தது. "வெடி வச்சாங்கன்னு எழுது. வாணாம் வாணாம்னு மூணு வாட்டி சொன்னாருன்னு எழுது. கடேசி வரைக்கும் கயித்த வுடலன்னு எழுது. அதுக்குப் போடறேன் கையெழுத்து."

"இதுக்குக் கம்பெனி ஒரு பைசா குடுக்காதும்மா," என்றார் அர்ஜுனன்.

"நான் கேக்கலியே சார்," என்றாள் சம்பூர்ணம்.

ஷாரோன் அழிப்பானுக்குத் தேடவில்லை. பென்சில் எழுத்தின் மேலேயே பேனாவால் தமிழில் எழுதினாள். அந்த இடம் போதவில்லை. ஓரத்தில் திருப்பி, காகிதத்தைச் சுற்றிக்கொண்டு போய் முடித்தாள். சம்பூர்ணம் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைப் போட்டாள். மேனேஜர் அதை வாங்காமல் வெளியே போய்விட்டார். லோகு அண்ணன்தான் வாங்கி, நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நானே கம்பெனிக்குக் கொண்டுபோயி குடுக்கறேன்," என்றார். ஆனால் உடனே கிளம்பவில்லை. பெட்டி தூக்கும்போது கால்மாட்டில் ஒரு பிடி பிடித்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பெட்டியை மூடுவதற்கு முன்னால் அங்கம்மாள், "அந்தக் கைக்கு உறை போடலியே, பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?" என்றாள். சம்பூர்ணம் குனிந்து, வலது கையில் இருந்த உறையையும் கழற்றினாள். இரண்டு வெறுங்கைகளையும் மார்மேல் சேர்த்து, இடது கை மேலே தெரியும்படி வைத்தாள்.

சாயங்காலம் வந்தவர்கள் போன பிறகும் ஜாஸ்மின் புல்லைத் தொடவில்லை. ஷாரோன் அவிழ்த்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தாள். பாலாற்றில் தண்ணீர் இல்லை. கரையில் கொஞ்சம் பச்சை இருந்தது. எத்தனை நாளைக்கு இந்தக் கயிறு தன் கையில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த வாரமே யாராவது ஆள் அனுப்பிக் கேட்கலாம்.

குதிரை நின்று, முகர்ந்து பார்த்து, ஒரு வாய் கடித்தது. அப்போது ஊர்ப் பக்கமிருந்து சரவெடிச் சத்தம் கேட்டது. ஜாஸ்மினின் காதுகள் விறைத்தன, கழுத்து நடுங்கியது. ஷாரோனின் விரல்கள் தாமாகவே கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றப் போயின.

நிறுத்தினாள். கயிற்றை உள்ளங்கையில் மடித்துப் பிடித்து, குதிரைக்கு இரண்டு முழம் விட்டுக்கொடுத்து, வெடி ஓயும் வரை அங்கேயே நின்றாள்.