உப்பு பார்க்கும் வாய்

சமையல்காரர்களுக்கு ஒரு விநோதமான கணக்கு உண்டு. உப்பு பார்ப்பது சாப்பாட்டில் சேராது. தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரியாக நின்று நின்று எனக்கு அது ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. சூப்பில் ஒரு கரண்டி, கறியில் ஒரு கரண்டி, காரம் தூக்கலாக இருந்தால் சரிசெய்துவிட்டு மறுபடி ஒரு கரண்டி. அதற்குப் பிறகும், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை என்று மனசாரப் புலம்புவேன்.

எடை குறைக்க வயிற்றை வெட்டிச் சின்னதாக்கிய பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை. ஆபரேஷனுக்கு யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. முட்டி விட்டுப்போய், அடுப்படியில் நிற்க முடியாமல், நானே கேட்டுச் செய்துகொண்டதுதான். உணவு ஆலோசகர் ஒரு சின்னப் பெண். காலையில் முட்டை, மதியம் கோழியோ மீனோ ஒரு சின்னக் கிண்ணம், இடையில் தயிர், சாயங்காலம் பருப்பு, சாப்பிடும்போது தண்ணீர் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னாள். நானும் விடுமுறை நாளில் கோழியை வேகவைத்து, உள்ளங்கை அளவு டப்பாக்களில் பிரித்து, ஃப்ரீசரில் அடுக்கிவைத்தேன். வேலைக்கு எடுத்துப்போன டப்பா போன மாதிரியே திரும்பி வந்தது. மூடியைத் திறந்தாலே குமட்டியது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ஒருநாள் கேன்டீனில் கண் இருட்டி, மாவு மூட்டைமேல் சரிந்தேன்.

மகள்தான் ஆலோசகரிடம் அழைத்துப்போனாள்.

"என்னதான் சாப்பிடறீங்கக்கா?"

"சத்தியமா ஒண்ணுமே இல்லம்மா. இறங்க மாட்டேங்குது."

"சரி, காலையில இருந்து என்னென்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க."

சூப்புக்கு உப்பு பார்த்தது, கறிக்குக் காரம் பார்த்தது, பருப்பு வெந்ததா என்று வாயில் போட்டது எல்லாம் சொன்னேன். பாதியில் அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அக்கா, அதுதான் உங்க சாப்பாடு. உங்க வயிறு இப்ப அவ்வளவுதான். எண்ணெயும் உப்புத் தண்ணியும் போய் அடைச்சுக்குது, கோழிக்கு எங்க எடம்? இனிமே நீங்க ருசி பாக்கவே கூடாது. வேற யாராவது பாக்கட்டும். இப்படியே போனா ஆஸ்பத்திரியில படுக்க வேண்டியதுதான்."

"நான் பாத்துக்கறேன்," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள். பெற்ற வயிறு குளிர்ந்துபோனது.

கேன்டீனில் பிரச்சினை இல்லை. என் பதவிமேல் கண் வைத்திருந்த உதவிச் சமையல்காரன், எப்போது கரண்டி கைக்கு வரும் என்று காத்துக்கிடந்தான். அவன் நாக்கும் மோசமில்லை. அவன் ருசி பார்த்த முதல் நாள் மதியமே டப்பாவில் இருந்த கோழி முழுவதும் உள்ளே இறங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டில்தான் வந்தது வினை. "யாராவது வந்து உப்பு பாருங்களேன்," என்று அடுப்படியிலிருந்து கத்துவேன். "காலம் பூரா சமைக்கறவளுக்கு இதுக்கும் ஆள் வேணுமா?" என்பார் கணவர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். மகள் போனில் இருப்பாள். குத்துமதிப்பாகப் போட்டு இறக்குவேன். ஒருநாள் உப்புக் கரிக்கும், ஒருநாள் சப்பென்று இருக்கும்.

"டாக்டர் வயித்தைத்தான வெட்டினாரு? கையையும் சேத்து வெட்டிட்டாரா?" என்று ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். இந்த மனுஷனுக்கு வாயைத் தவிர வேறு எதுவும் வேலை செய்யாது.

மகள் கட்டிக்கொள்ளப்போகும் பையனின் அப்பா அம்மா விருந்துக்கு வந்தார்கள். அன்று லீவு போட்டுவிட்டுச் சமைத்தேன். அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் மகளை உள்ளே கூப்பிட்டேன்.

"வாடி, வந்து உப்பு பாரு."

"லிப்ஸ்டிக் போட்டிருக்கேன்மா. நீயே பாரேன். ரெண்டு ஸ்பூன்தான? இன்னைக்கு ஒரு நாள், எனக்காக." அவளே கறியை ஊதி ஆற்றி, ஸ்பூனை என் வாயருகே நீட்டினாள். என் மானமும் அவள் மானமும் அந்தப் பாத்திரத்தில் கொதித்துக்கொண்டிருந்தன. வாயைத் திறந்தேன். திறந்த வாய் எல்லாப் பாத்திரத்தையும் பார்த்துவிட்டுத்தான் மூடியது.

"சாப்பாடு பிரமாதம்," என்றார் சம்பந்தி. "நீங்க உக்காரலையா?" என்று அவர் மனைவி என்னைக் கேட்டார்.

"அவ எங்க சாப்பிடறா? எங்களைப் பாத்தே வயிறு நெறஞ்சிரும்," என்றார் கணவர். எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு, ஆனாலும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அவர்கள் போனதும் டப்பாவைத் திறந்தேன். இரண்டாவது வாய் நெஞ்சிலேயே நின்று, அப்படியே திரும்பி வந்தது. அடுப்படித் தொட்டியைக் கழுவிவிட்டு, மிச்சத்தைக் குப்பைக்கூடையில் கவிழ்த்தேன். மகள் தண்ணீர் குடிக்க வந்தாள்.

"நல்ல கோழியை ஏம்மா கொட்டறே? வச்சிருந்தா யாராவது சாப்பிட்டிருப்பாங்கல்ல?"

"அந்த யாராவது நான்தான்டி," என்றேன்.

"நீயா? நீதான் சாப்பிடவே மாட்டியே," என்றாள்.